மூன்று புகாரும் ஒன்றுதான்: சிறுகதையில் கோணம், கரு, நீளம்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை சிறுகதை ஒன்றை எழுதி மூன்று பேரிடம் காட்டியிருக்கிறார். ஒருவர் "கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது" என்றாராம். இன்னொருவர் "கரு என்னவென்றே பிடிபடவில்லை" என்றாராம். மூன்றாமவர் "நீளம், பாதியாகக் குறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கதை 3,400 சொல். அனுப்ப நினைக்கும் போட்டியில் 1,500 சொல்தான் வரம்பு. "மூன்றில் எதை முதலில் சரிசெய்வது? இப்படி வெட்டினால் கதையில் உயிர் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். உரையாடலில் நம் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதினால் நடுவர்கள் முகம் சுளிப்பார்களா என்பது கடைசிக் கேள்வி. கதையையும் அனுப்பியிருந்தார். அதிலிருந்து எடுத்துக் காட்டிப் பேசலாம் என்று சொல்லிவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோணத்தை முதலில் பாருங்கள். மூன்று பேரும் சொன்னது ஒரே குறையைத்தான், ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். கதையை யார் பார்க்கிறார் என்பது நிற்காததால்தான் எதைப் பற்றிய கதை என்று தெரியவில்லை. அது தெரியாததால்தான் எதை விடுவது என்று உங்களுக்கே புரியாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பினாங்கில் சில ஆண்டுகளாகப் புதியவர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். ‘நீளம்’ என்று ஒதுக்கப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் நீளம் கிடையாது.

கதை இது. காத்தாயிப் பாட்டி பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பேரன் முருகனோடு இருக்கிறார். முன்பு கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அங்கே பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்கு அறுபது வெள்ளி (நம் பேச்சில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர்) கடன் கொடுத்திருந்தார். அது திரும்பி வரவே இல்லை. இப்போது செல்லம்மா கூலிம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் செய்தி வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டி பேரனைக் காரை எடுக்கச் சொல்கிறார். இருவரும் போகிறார்கள், பார்க்கிறார்கள், திரும்புகிறார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நல்ல கதை. சொல்லப்போனால், மிக நல்ல கதை. அறுபது வெள்ளி இன்றைக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது முப்பது நாற்பது வருடமாக இரண்டு பேருக்கு நடுவில் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். சொன்ன விதத்தில்தான் சிக்கல். கார் கிளம்பும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

"பாட்டி காரில் ஏறினாள். முருகன் சலித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லையே என்று நினைத்தான். பாட்டிக்கு அவன் முகம் போன போக்குப் பிடிக்கவில்லை. பேரன் என்று பேருக்கு ஒருவன் என்று எண்ணிக்கொண்டாள். கூலிம் மருத்துவமனையில் செல்லம்மா அப்போது கண்களை மூடிப் படுத்திருந்தார். அவர் மனம் அந்த அறுபது வெள்ளியையே சுற்றி வந்தது."

ஏழு வாக்கியம், மூன்று பேருடைய மனம். முருகன் நினைப்பதும் தெரிகிறது, பாட்டி நினைப்பதும் தெரிகிறது, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் படுத்திருப்பவர் நினைப்பதும் தெரிகிறது. இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். செல்லம்மா பணத்தை மறக்கவில்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே வாசகனுக்குத் தெரிந்துபோகிறது. ஆஸ்பத்திரியில் அவர் வாயைத் திறப்பாரா என்று இனி யார் பதைக்கப்போகிறார்கள்? பாட்டி எதற்குப் போகிறார் என்பதும் மூன்றாம் பக்கத்தில் வந்துவிடுகிறது. கதையின் இறுக்கம் முழுவதும் ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் இருந்தது. அதை நீங்களே அவிழ்த்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டி ‘ஏறினாள்’, செல்லம்மா ‘படுத்திருந்தார்’. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்கள். ஒருவருக்கு ‘ஆள்’, இன்னொருவருக்கு ‘ஆர்’ ஏன்? நீங்கள் யோசித்துப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. பாட்டியை எழுதும்போது உள்ளுக்குள் அவருக்குச் சமமான ஒருத்தியாக நின்றிருக்கிறீர்கள். செல்லம்மாவை எழுதும்போது வெளியூரிலிருந்து வந்த மரியாதைக்காரியாக மாறிவிட்டீர்கள். தமிழில் கோணம் நழுவுகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். ஒரே பாத்திரத்துக்கு ‘ஆள்’, ‘ஆர்’, ‘ஆன்’ மாறி மாறி வந்தால், அங்கே பார்ப்பவர் மாறியிருக்கிறார் என்று அர்த்தம்.

எழுதச் சொல்லித்தரும் புத்தகங்கள் பலவும் கோணத்தைத் தன்மை, படர்க்கை, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று மூன்றாகப் பிரித்துக் கையைக் கழுவிவிடும். அந்தப் பிரிவு போதாது. படர்க்கையில் எழுதினாலும், யாருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறோம் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிந்துவிடுகிறது. அதைக் காட்டிக்கொடுக்கத் தமிழில் ஏகப்பட்ட கருவிகள் இருக்கின்றன. நாம் தினமும் பேச்சில் பயன்படுத்துகிறோம், எழுத உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம்.

முருகனின் பக்கமே நின்று அதே இடத்தை எழுதிப் பார்க்கிறேன்:

"பாட்டி பின் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். என்ன பை என்று கேட்டால் கூலிம் போய்ச் சேரும்வரை பேச்சு ஓயாது. முருகன் கேட்கவில்லை. செல்லம்மா பாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம். தோட்டத்தில் இருந்தபோது அறுபது வெள்ளி வாங்கியவராம். எந்தக் காலத்து அறுபது வெள்ளி! அதற்கு இவர் இன்றைக்குத்தான் கிளம்ப வேண்டுமா?"

இதில் ‘நினைத்தான்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் முழுப் பத்தியும் அவன் தலைக்குள்தான் நடக்கிறது. ‘கிடக்கிறாராம்’, ‘வாங்கியவராம்’ என்பதில் வரும் அந்த ‘ஆம்’ முக்கியம். அவன் பார்க்காதது, பிறர் சொல்லிக் கேட்டது என்பதை ஓர் எழுத்தில் முடித்துவிடுகிறது. பார்த்ததற்கு ஒரு முடிவு, கேட்டதற்கு ஒரு முடிவு என்று நம்மிடம் தனித்தனியாக இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ‘அவனுக்குக் கிடைத்த தகவலின்படி’ என்று ஏன் இழுக்க வேண்டும்? கடைசி வரியில் ‘அவர்’ என்று எழுதாமல் ‘இவர்’ என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். எரிச்சலில் இருப்பவன் பக்கத்தில் இருப்பவரை அப்படித்தான் சுட்டுவான்.

வருவதும் போவதும் அதே மாதிரி. ‘தாதி உள்ளே வந்தார்’ என்றால் நாம் வார்டுக்குள் இருக்கிறோம். ‘தாதி உள்ளே போனார்’ என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் ஆறாம் பக்கத்தில் முருகன் வெளியே நிற்கும்போது தாதி உள்ளே ‘வருகிறார்’. சின்ன விஷயம்தான், ஆனால் வாசகன் அந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறுவான், ஏன் என்று அவனுக்கே தெரியாது.

‘தன்’ என்பதும் கவனிக்க வேண்டியது. ‘பாட்டி தன்னைத் திட்டப்போகிறார் என்று முருகனுக்குத் தெரிந்தது’ என்று எழுதினால் அந்தத் ‘தன்’ முருகனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. அறிவது யாரோ அவருடையதாகிவிடுகிறது. ‘அவனைத் திட்டப்போகிறார்’ என்று எழுதினால் ஒரு முழம் தள்ளி நிற்கிறோம். இரண்டும் சரிதான். எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள்.

இனி மரியாதை விகுதிக்கு வருகிறேன், நம் ஊரில் இது தனிப் பஞ்சாயத்து. தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குப் பெரியவர் என்றாலே ‘ஆர்’ போட வேண்டும் என்று ஊறிப்போயிருக்கிறது. பத்திரிகையில் பிழை திருத்துபவரும் ‘பாட்டி சொன்னாள்’ என்பதைப் பார்த்தால் ‘சொன்னார்’ ஆக்கிவிடுவார். அவர் செய்தது மொழித் திருத்தம் என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் கதைசொல்லியையே மாற்றிவிட்டார். மடியில் படுத்து வளர்ந்த பேத்தி சொல்லும் கதையில் பாட்டி ‘சொன்னாள்’ என்றுதான் வரும். அது அவமரியாதை ஆகாது. பட்டணத்தில் வேலை, வாரம் ஒருநாள் ஓட்டுநர் வேலை என்று இருக்கும் முருகனுக்கு ‘சொன்னார்’ பொருந்தலாம், அந்த ‘ஆர்’ அவனுக்கும் பாட்டிக்கும் இடையில் விழுந்துவிட்ட இடைவெளியைச் சொல்லும். ஆகவே மேலே நான் எழுதியதில் ‘ஆர்’ போட்டேன். நீங்கள் வேறு முருகனை மனத்தில் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள், அவ்வளவுதான். நடுவில் மாற்றினால் அதற்குக் காரணம் கதைக்குள் இருக்க வேண்டும்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கதை மரபே அங்கேதானே தொடங்கியது? ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று சொல்லும் குரலுக்கு ராஜா மனமும் தெரியும், மந்திரி மனமும் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரு கிண்டல் உண்டு, ஒரு தீர்ப்பு உண்டு, முதல் வரியிலேயே ‘நான்தான் சொல்கிறேன், கேளுங்கள்’ என்று உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் கதையில் அப்படி ஒருவர் இல்லை. முதல் ஒன்றரைப் பக்கம் முருகனோடு போகிறது, பிறகு யாருக்கு மனம் இருக்கிறதோ அவருக்குள் எல்லாம் நுழைகிறது. எல்லாம் அறிந்தவராக இருப்பது வேறு, நினைத்த இடத்தில் நுழைவது வேறு.

‘நாங்கள்’ என்று சொல்லும் கதைசொல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துக் கதைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும், ஆனால் அதிகம் பேர் முயல்வதில்லை. லயமே சேர்ந்து ஒரு குரலாகப் பேசுவது. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு இருப்பதால் வாசகனைச் சேர்ப்பதா, வாசலில் நிறுத்துவதா என்பதைக் கதைசொல்லியே முடிவு செய்யலாம். ‘எங்கள் தோட்டத்தில் கடன் வாங்காதவர் கிடையாது’ என்று தொடங்கும் கதை வேறு, ‘நம் தோட்டத்தில்’ என்று தொடங்கும் கதை வேறு. உங்கள் இந்தக் கதைக்கு இது வேண்டாம். அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கரு. இரண்டாமவர் கேட்டது இதைத்தான்.

உங்கள் கதையின் நான்காம் பக்கத்தில், கார் நெடுஞ்சாலையில் போகும்போது, தோட்டங்கள் துண்டாடப்பட்டது, மக்கள் வெளியேறியது, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் தொழிற்பேட்டைகள் வந்தது என்று கிட்டத்தட்ட ஒரு பக்கம் வருகிறது. அத்தனையும் உண்மை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள், அதில் எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. ஆனால் அந்தப் பக்கத்தைக் காருக்குள் யார் நினைக்கிறார்கள்? முருகனுக்கு அக்கறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டிக்கு அது ‘துண்டாடல்’ கிடையாது. அவருக்கு அது ‘பெரிய கிராணி எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்ன நாள்’ (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்). அந்தப் பக்கம் உங்கள் குரல், கருத்தரங்கில் பேசும் குரல்.

துண்டாடல், ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் பாதை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை இவையெல்லாம் நம் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது இயல்புதான். நம் தாத்தா பாட்டி பட்ட பாடு அது. ஆனால் இவை கதைக்கான பொருள், நிலம், பின்னணி. கரு இன்னும் கீழே இருக்கிறது. சிவப்பு அட்டை வைத்திருந்த ஒருவர் தன் பிள்ளையின் கல்யாணத்தில் எந்த வரிசையில் நின்றார் என்று கேட்கும்போதுதான் கருவுக்குப் பக்கத்தில் வருகிறோம். கரு பெரும்பாலும் ஒரு கேள்வியாக இருக்கும், அதற்கு எழுதுபவரிடமே முழுப் பதில் இருக்காது. பதில் கையில் இருந்தால் கட்டுரை எழுதிவிடலாம், அதற்கும் இங்கே தேவை இருக்கிறது.

இது புதிய தகராறும் இல்லை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில், 1950 வாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். நாளிதழ் வழியாகவே சிறுகதை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரில் எழுதத் தொடங்கிய ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது. பிறகு 1952இல் தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி அதே நாளிதழின் ஆசிரியப் பொறுப்புக்குக் கோலாலம்பூர் வந்து 1957 வரை இருந்தார். எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசினார். அதற்கு முன்பு இங்கே எழுதப்பட்ட கதைகளில் கணிசமானவை தமிழ்நாட்டு ஊர்களில் நடந்தவை, எழுதியவர் இருந்தது மட்டும்தான் மலாயா. இந்த மண்ணை எழுது என்று சொல்ல வேண்டிய காலம் அது, சொன்னார்கள், நடந்தது. இப்போது மண் எல்லாருடைய கதையிலும் இருக்கிறது. அந்த மண்ணில் நிற்கும் குறிப்பிட்ட ஓர் ஆளைக் காணோம் என்பதுதான் இன்றைய குறை என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கதை ஒரு குறளோடு முடிகிறது. பள்ளிக் கட்டுரையில் முடிவுரைக்கு ஒரு பொன்மொழி போட்டே பழகியதன் மிச்சம் அது. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாட்டில் அது நம் எல்லார் கையிலும் இருக்கும் பழக்கம். வள்ளுவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் காரில் வள்ளுவர் எங்கிருந்து ஏறினார்? முருகன் குறள் சொல்கிறவனாகத் தெரியவில்லை. இதுவும் கோண நழுவல்தான். கருவை வெளியே எடுத்துச் சொல்லத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் கதைசொல்லி மாறிப்போகிறார், தேடிப் பாருங்கள்.

கோணத்தை மாற்றினால் கருவே மாறும் என்பதற்கு உங்கள் கதையே போதும். முருகன் பார்த்தால், இது தன் வீட்டுக் கிழவியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்த ஒருவனின் கதை. வார்டில் இரண்டு பாட்டிகளும் பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, செத்துப்போன தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவரைப் பற்றிப் பேசுகிறார்கள். பணம் வரவில்லை. அவன் காத்திருக்கிறான், அவனுக்கு எதுவும் புரியவில்லை. காத்தாயி பார்த்தால், இது கொடுத்தவளின் கதை: கேட்கப் போகிறாளா, மன்னிக்கப் போகிறாளா, அல்லது தான் கேட்காததைச் செல்லம்மா பார்க்க வேண்டும் என்றே போகிறாளா? அதற்குப் பழைய கதை வேண்டும், அறுபது வெள்ளி கைமாறிய இரவு வேண்டும். சிக்கனமாக எழுதினாலும் 3,000 சொல்லுக்குக் குறையாது.

செல்லம்மா பார்த்தால்?

"செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. விடியலில் பெரட்டுக்குப் போகும்போது கேட்ட அதே இழுவை. செல்லம்மா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் கேட்டுவிடுவாள். கூட யாரோ ஒரு பையன் வந்திருந்தான், வந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘என்னடி, பசியாறிட்டியா?’ என்றாள் காத்தாயி."

(பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுப்பது.) பாட்டி என்ற சொல்லே போய்விட்டது. அவருக்குப் பெயர் வந்துவிட்டது, ‘ஆள்’ வந்துவிட்டது, ‘டி’ வந்துவிட்டது. முருகன் ‘யாரோ ஒரு பையன்’ ஆகிவிட்டான். கண்ணைத் திறக்காமலே போனைப் பார்ப்பது எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்டால், நல்ல கேள்வி, உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒன்று அவள் இமையிடுக்கில் பார்த்திருக்க வேண்டும், அதைக் கதையில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் போனிலிருந்து வரும் பாட்டுச் சத்தத்தை மட்டும் வைக்க வேண்டும். இமையிடுக்கே எனக்குப் பிடிக்கும், கடன்காரி அப்படித்தான் பார்ப்பாள்.

இந்தக் கோணத்தில் கதை அந்தச் செருப்புச் சத்தத்தில் தொடங்கி அவர்கள் வார்டைவிட்டுப் போவதில் முடிந்துவிடும். கார் பயணம் இல்லை, நெடுஞ்சாலை இல்லை, அடுக்குமாடி இல்லை. காத்தாயி கேட்கவே இல்லை. மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா, கேட்காமல் கொல்கிறாளா என்று செல்லம்மாவுக்குத் தெரியாது, வாசகனுக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் இதைத்தான் எழுதச் சொல்வேன். 1,200 சொல்லில் முடியும். முருகன் கோணம் உங்களுக்கு எளிதாக வரும், 1,500க்குள் அடங்கும், பரிசும் கிடைக்கலாம். செல்லம்மா கோணத்துக்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் கதையை எழுதத் தூண்டிய காத்தாயியை நீங்கள் வெளியே நிறுத்த வேண்டியிருக்கும்.

நீளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல இனி அதிகம் இல்லை. சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியதாக, அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், ஒரே விளைவை நோக்கிப் போவதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் ஒரு விமர்சனத்தில் எழுதினார். இன்றும் எல்லாரும் அதைத்தான் சுற்றி வருகிறார்கள். ஆங்கில அறிவியல் புனைகதை விருதுகளில் 7,500 சொல்லுக்கு உட்பட்டதைச் சிறுகதை என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ‘வந்திருக்கமாட்டார்களாம்’ என்று ஒரே சொல்லில் நாம் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரியே வேண்டும். தமிழில் 1,500 சொல் என்பது நிறைய இடம்.

எண்ணும்போதும் ஒரு விஷயம். கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது. ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ என்றால் ஒன்று. ‘பார்த்துக் கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. உங்கள் கதையில் எல்லா வினையையும் பிரித்தே எழுதியிருக்கிறீர்கள். சேர்த்து எழுதினாலே கணிசமாகக் குறையும். ஆனால் அது எண்ணிக்கைதான், கதையின் கனம் குறைந்ததாக ஆகாது, அந்த லாபத்தை வைத்து வேறு எதையும் உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

உண்மையில் நீளத்தைத் தீர்மானிப்பது எத்தனை மனம், எத்தனை இடம், எத்தனை காலம் என்பவைதான். உங்கள் 3,400இல் மனம் மூன்று, இடம் நான்கு, காலம் இரண்டு. மனத்தை ஒன்றாக்கினால் மற்றவை சரியும். முருகனைத் தேர்ந்தெடுத்தால் துண்டாடல் பத்தி முழுவதும் போகட்டும். ஒரே ஒரு வரியை மட்டும் காப்பாற்றுங்கள்: முருகன் ஷிப்டு வேலைக்குப் போகும் தொழிற்சாலை அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. பாட்டி கார் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி ‘அந்தா, அங்கதான் எங்க வீடு’ என்கிறார், அவன் பார்த்தால் தன் கம்பெனியின் கார் நிறுத்தும் இடம். விளக்கம் ஒன்றும் வேண்டாம், ஒரு பக்கம் செய்யாத வேலையை அது செய்துவிடும். அதோடு முதல் அரைப் பக்கத்து வானிலை வருணனை, திரும்பி வரும் பயணம், குறள் மூன்றையும் எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். வரம்புக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

வெட்டினால் உயிர் போகுமா என்று கேட்டீர்கள். கோணம் நிற்பதற்கு முன் வெட்டினால் போகும். எது யாருக்கு முக்கியம் என்று தெரியாமல், அழகில்லாத வரிகளைத் தேடி வெட்டுவீர்கள். கடைசியில் அழகான வரிகள் மட்டும் மிஞ்சும், கதை மிஞ்சாது. ஆகவே 3,400ஐத் திறந்து வைத்துக்கொண்டு குறைக்காதீர்கள். அதை மூடி வையுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, புதிய தாளில், நினைவிலிருந்து மறுபடி எழுதுங்கள். நினைவில் நிற்காதது தேவைப்படாதது.

கடைசியாக, நம் ஊர்ப் பேச்சு. தாராளமாக எழுதுங்கள். காத்தாயி ‘காலை உணவு உண்டாயா’ என்று கேட்க மாட்டார், ‘பசியாறிட்டியா’ என்றுதான் கேட்பார். நம் போட்டிகளில் நடுவராக இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள், அவர்களும் பசியாறிவிட்டுத்தான் கதை படிக்க உட்காருகிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ‘கித்தா மரம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தில் அது ரப்பர் மரம் என்று விளக்குகிறீர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த செல்லம்மா அதை யாருக்கு விளக்குகிறார்? அந்த வாக்கியத்தில் நீங்கள் சென்னை வாசகரைத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். விளக்கத்தை எடுத்துவிடுங்கள், அவர் புரிந்துகொள்வார். அப்புறம், இரண்டாவதாக அனுப்பிய படியில் ‘அறுபது வெள்ளி’ எல்லாவற்றையும் ‘அறுபது ரிங்கிட்’ என்று திருத்தியிருந்தீர்கள். முருகன் ரசீதில் படிக்கும் இடம் ஏதாவது இருந்தால் அங்கே மட்டும் ரிங்கிட் இருக்கட்டும். மற்ற இடங்களில் வெள்ளியாகவே மாற்றிவிட்டு அனுப்புங்கள்.